உடல் ஓம்பலும் ஊர் ஓம்பலும்



மானிடப் பிறவி அரிது. நல்லறம் கேட்கும் வாய்ப்பு அதனினும் அரிது. இவ்விரண்டையும் பெற்றிருந்தும், நோயால் மெலிந்த உடலோடு வாழ்பவருக்கு விரதம் காப்பதும் வினை தீர்க்க முயல்வதும் கடினமாகிவிடுகின்றன. உடல் வேறு, உயிர் வேறு என்பது நம் ஆகமங்களின் முடிந்த முடிபு. ஆயினும், ஆற்றைக் கடக்கும் வரையில் ஓடத்தில் ஓட்டை விழாமல் காப்பது ஓடத்தின்மேல் கொண்ட ஆசையினால் அன்று. அக்கரை சேரவேண்டும் என்னும் கருத்தினால் ஆகும். உடலை ஓம்புதலும் அத்தகையதே.

இவ்வுடல் ஓம்புதலைத் தனி ஒருவரின் காரியம் என்றே நம்மில் பலரும் கருதுகின்றனர். "அவர் வாயைக் கட்டவில்லை, சர்க்கரை நோய் வந்தது" என்கிறோம். "அவள் சோம்பி உட்கார்ந்திருந்தாள், முழங்கால் பிடித்துக்கொண்டது" என்கிறோம். இது பாதி உண்மையே. ஒருவர் எதை உண்கிறார், எப்போது உண்கிறார், எவ்வளவு நடக்கிறார், நோய் வந்தால் எத்தனை நாள் கழித்து மருத்துவரை நாடுகிறார் என்பவற்றையெல்லாம் அவருடைய வீடும் தெருவும், உறவும் நட்பும், வருவாயும் கல்வியும் சேர்ந்தே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இவ்வுண்மையை நம் சமய வரலாற்றைத் துணைகொண்டும், நம் திருக்கோவிலூர் வட்டாரச் செய்திகளைக் கொண்டும் இங்கே சிந்திப்போமாக.

முதல் பாரணை காட்டும் பாடம்

ஆதிநாதப் பெருமான் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்து தவம் செய்தார் என்பதை நாம் அறிவோம். அந்நோன்பு முடிந்து அவர் ஊர் ஊராக எழுந்தருளியபோது நடந்தது என்ன? மக்கள் அவர்மேல் அன்பற்றவர்களா? இல்லை. யானை கொணர்ந்தனர், குதிரை கொணர்ந்தனர், மணியும் பொன்னும் கொணர்ந்து அடியில் வைத்தனர். ஒரு துறவிக்கு எவ்வாறு உணவு அளிக்கவேண்டும் என்னும் முறையை மட்டும் ஒருவரும் அறிந்திலர். அதனால் மேலும் பல திங்கள் பெருமான் உணவின்றியே நடந்தார். அத்தினாபுரத்தில் சிரேயாம்சகுமாரன், முற்பிறவியில் முனிவர்க்கு உணவளித்த நினைவு வரப்பெற்று, கருப்பஞ்சாற்றை முறைப்படி அளித்தான். அந்நாளே அட்சய திருதியை.

இந்நிகழ்ச்சியைத் தானத்தின் பெருமைக்குச் சான்றாகவே நாம் சொல்லிவருகிறோம். அதில் இன்னொரு பாடமும் உண்டு. நாடு முழுதும் பொருள் நிறைந்திருந்தது; அன்பும் நிறைந்திருந்தது; அறிவு ஒன்றே குறைந்திருந்தது. அவ்வொரு குறையால் உலகுக்கெல்லாம் உழவும் தொழிலும் கற்பித்த பெருமானே பட்டினி நடந்தார் என்றால், எளிய மனிதரின் உணவு சுற்றத்தாரின் அறிவைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? இன்றும் நம் வீடுகளில் நோயாளியிடம் அன்புக்குக் குறைவில்லை. சர்க்கரை நோயுற்ற பெரியவரைக் காணச் செல்பவர் இனிப்புப் பொட்டலமும் எடுத்துச் செல்கிறார். "இன்று ஒருநாள் உண்டால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தவும் செய்கிறார். யானையும் குதிரையும் கொணர்ந்தாரே, அவரினும் இவர் எவ்வகையில் வேறுபட்டவர்?

ஜம்பைக் கல்லும் நெல்லிக் கனியும்

நம் திருக்கோவிலூரை அடுத்துள்ள ஜம்பை என்னும் ஊரின் குன்றில், அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பள்ளியை ஈந்த செய்தி பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையுடையது அது. பள்ளி என்பது சமண முனிவர் தங்கும் இடம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களும் இத்தகைய இடங்களில் தழைத்தமையாலன்றோ, கல்வி பயிலும் இடத்திற்கு இன்றளவும் பள்ளி என்றே பெயர் வழங்குகிறது!

இந்த அதியமானே, தனக்கு அரிதில் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்தவன். நீண்ட வாழ்நாள் தரும் கனி என்று அறிந்தும் பிறர்க்கு ஈந்தான். நெல்லிக்காயில் உயிர்ச்சத்து 'சி' மிகுதி என்று பிற்கால அறிவியல் கண்டது. நம் முன்னோர் நன்மருந்தையும் நல்லுணவையும் தனியுடைமையாகக் கருதவில்லை என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய கருத்து. சமணப் புலவர் காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். அறமும் மருந்தும் அவர்களுக்கு ஒரே பேழையில் வைத்த பொருள்களாக இருந்தன.

கருணாபுரம் நினைவூட்டுவது

நம் மாவட்டத்தின் தலைநகரில் நேர்ந்த பெருந்துயரை இங்கே கூறாமல் செல்வது அறமாகாது. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் பகுதியில் கள்ளச்சாராயம் அருந்தியோரில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் கலந்திருந்த மெத்தனால் உடலினுள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், மூச்சையும் நிறுத்தும். மாண்டோரில் பலர் அன்றாடக் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள், பெண்களும் இருந்தனர்.

நாம் கட்குடியை விலக்கிய குடியினர். மது, மாமிசம், தேன் ஆகியவற்றை ஒழித்தலும் ஐந்து அணுவிரதங்களும் இல்லறத்தாரின் மூல குணங்கள் எனச் சமந்தபத்திர ஆசாரியர் வகுத்தருளினார். ஆதலால் "குடித்தார், மாண்டார்" என்று கூறி அகல்வது நமக்கு எளிது. ஆயின், பகலெல்லாம் மூட்டை சுமந்தவன் உடல் நோவுக்கு ஆறுதல் தேடிய இடத்தில், வீட்டருகே, மலிந்த விலையில், நண்பர் அழைப்போடு நஞ்சு நின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நாம் குடிக்காமல் வாழ்வது நம் ஒருவருடைய மனவுறுதியால் மட்டுமா? பாட்டனும் தந்தையும் குடிக்காத வீட்டில் பிறந்தோம். குடிப்பவரோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்காத சுற்றத்தில் வளர்ந்தோம். நற்சுற்றம் நமக்கு வேலியாயிற்று. அவ்வேலி கிடைக்காதவரை இகழ்தல் ஆகாது; இரங்குதலும், இயன்ற வேலியை அவர்க்கும் கட்டித் தருதலுமே கருணையாகும்.

சுற்றம் உடலை ஆளும் வகை

அறிவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நாட்டின் ஃபிராமிங்காம் என்னும் ஊரில் 1948-இல் தொடங்கிய இதய நோய் ஆய்வில் சேர்ந்தோரை, அவர்தம் உறவினர் நண்பர்களோடு சேர்த்து 32 ஆண்டுக் கால அளவில் நோக்கிய இருவர், 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருவருடைய நண்பர் மிகைப் பருமன் அடைந்தால், அவரும் அவ்வாறு ஆகும் வாய்ப்பு 57 விழுக்காடு மிகுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்முடிவின் அளவை ஐயுற்ற அறிஞரும் உண்டு. எனினும் பழக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் என்பதை மறுப்பார் இல்லை. இங்கிலாந்தில் அரசு ஊழியரை ஆராய்ந்தபோது, மேல்நிலை அலுவலரைவிடக் கீழ்நிலை ஊழியரே இதய நோயால் மிகுதியாக இறந்தனர் என்று தெரியவந்தது. ஒரே நகரம், ஒரே அரசு. ஆயினும் நிலை வேறாக, ஆயுளும் வேறாயிற்று. உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழுவும் 2008-இல் இதனையே வலியுறுத்தியது.

நம் நாட்டு நிலை என்ன? இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுற்றிருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு 2023-இல் அறிவித்தது. புலால் உண்ணாமையால் மட்டும் நாம் இதனின்று தப்பிவிட்டோம் என்று எண்ணவேண்டா. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் வரகும் விளைந்தன. சமவெளியிலும் கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் அன்றாட உணவாக இருந்தன. இன்று மலையிலும் சமவெளியிலும் தீட்டிய வெள்ளரிசியே தட்டை நிறைத்துள்ளது. நியாய விலைக் கடை அரிசி பசியைப் போக்கியது. அந்நன்மையை மறத்தல் தகாது. ஆனால் பசி போனபின் செய்யவேண்டிய அடுத்த வேலையை நாம் செய்யவில்லை. உண்ணும் உணவின் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது எனத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. எஞ்சியது பருப்பு, பயறு, காய், கீரை, கனி, பால் ஆகியவற்றால் வரவேண்டும். மலைபோல் சோறும் கரண்டியளவு பொரியலும் வைக்கும் வழக்கம் மாறவேண்டும்.

தவத்தில் அடங்கிய மருத்துவம்

புறத்தவம் ஆறனுள் உண்ணா நோன்பை மட்டுமே பலரும் தவமாக எண்ணுகின்றனர். அதனை அடுத்துக் கூறப்பட்டது குறைந்த உணவு என்னும் அவமௌதரியம். முப்பத்திரண்டு கவளம் நிறையுணவு என்றால், அதனிற் சில கவளம் குறைத்து எழுதல். பின்னர்க் கூறப்பட்டது சுவை துறத்தல் என்னும் ரசபரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் ஆறனுள் ஒன்றையோ பலவற்றையோ துறத்தல் அது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உப்பு, சர்க்கரை, எண்ணெய் மூன்றையும் குறையுங்கள் என்று மருத்துவர் நமக்குச் சீட்டெழுதித் தருவதை, நாவடக்கத்தின் பொருட்டு நம் ஆசாரியர் முன்னரே தவமாக்கித் தந்தனர். ஊறுகாய், அப்பளம், வற்றல் இல்லாத ஒரு நாளைக் கிழமைதோறும் இல்லத்தார் அனைவரும் சேர்ந்து காத்தால், குருதி அழுத்தம் உள்ளவருக்கு அது மருந்து. மற்றவருக்கு அது தவம்.

இரவுண்ணாமையும் அத்தகையதே. சிற்றுயிர்க்கு ஊறு நேராமை அதன் முதற்பயன். நேரங்கடந்து உண்டு உடனே படுத்தால் உணவுக்குப் பிந்திய சர்க்கரை அளவு உயர்கிறது என ஆய்வுகள் காட்டுவதால், உடல்நலமும் அதனோடு வருகிறது. ஆயினும் இவ்விரதம் இன்று நலிகிறது. காரணம் மனவுறுதிக் குறைவு மட்டுமன்று. இரவு 8 மணிக்கு வீடு திரும்பும் அலுவலரும், தனிப்பயிற்சி முடிந்து 9 மணிக்கு வரும் மாணவரும் பொழுது சாயுமுன் உண்பது எவ்வாறு? காலையில் கட்டித் தரும் உணவோடு மாலைக்கும் ஒரு சிறு பாத்திரம் சேர்த்துக் கட்டித் தருதலே வழி. விரதம் காப்பவர் ஒருவர். அதற்குக் கைகொடுப்பவர் வீட்டார் அனைவரும்.

கடைசியில் உண்ணும் கை

இப்போது தாய்மார்களுக்காகவும், அவர்களினும் மேலாக ஆடவர்க்காகவும் ஒன்று சொல்லவேண்டும். நம் இல்லங்களில் மாமனார், கணவர், பிள்ளைகள், விருந்தினர் யாவரும் உண்டபின் இல்லத்தரசி உண்பது வழக்கம். அதனோடு பொழுது சாயுமுன் உண்ணவேண்டும் என்னும் விரதமும் சேர்கிறது. விருந்தினர் வந்த மாலையில், எல்லார்க்கும் பரிமாறி முடித்து அவள் நிமிர்ந்து பார்க்கையில் ஞாயிறு மறைந்திருக்கும். "இன்று எனக்குப் பசியில்லை" என்று நீரருந்திப் படுக்கிறாள். இதனை விரதம் என்று நாம் புகழ்கிறோம். சான்றோர்களே, இது விரதம் அன்று. நம் வீட்டு ஒழுங்கின்மை. தானே உவந்து மேற்கொண்டால்தான் தவம்; பிறர் கவனியாமையால் நேர்ந்தால் அது பட்டினி.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர் எனத் தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-இல் கண்டது. நம் குலப்பெண்கள் அக்கணக்கிற்குப் புறம்பானவர் அல்லர். முருங்கைக்கீரை, பயறு, கடலை, எள், கேழ்வரகு முதலியன முதலில் சேரவேண்டிய இலை அவளுடைய இலை. அவற்றோடு நெல்லியோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். உயிர்ச்சத்து பி12 தாவர உணவில் கிட்டாது. நமக்குப் பாலும் தயிருமே அதற்கு வழி. அவற்றையும் துறந்த பெரியவர்களுக்குக் கால் மரத்தல், களைப்பு, மறதி ஆகியன தோன்றினால் முதுமை என்று விட்டுவிடாமல் குருதிச் சோதனை செய்து மருந்து உட்கொள்ளவேண்டும். கூடு வடிவ மருந்தின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆதலால், வில்லை வடிவில் கேட்டு வாங்குக.

சக்திக்கேற்ற தவம்

ஆதிநாதரோடு 4000 அரசர் துறவு பூண்டனர். பெருமான்மேல் வைத்த பற்றினால், அவரைப் பார்த்துத் தாமும் அவ்வாறு செய்தனர். தவத்தின் பொருளை உணர்ந்து செய்தாரல்லர். பசி வந்தபோது தாங்கமாட்டாமல் காயும் கிழங்கும் தேடி உண்டு நெறி பிறழ்ந்தனர். பிறரைப் பார்த்து மேற்கொள்ளும் நோன்பின் முடிவு இதுவே. தீர்த்தங்கரத் தன்மை தரும் பதினாறு பாவனைகளுள் 'சக்திக்கேற்ற தவம்' என்றே வைக்கப்பட்டுள்ளமை காண்க.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் உண்ணாதிருந்தால், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கி வீழ்வார்; உயிருக்கும் ஊறு நேரும். பக்கத்து வீட்டார் அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் உபவாசம் இருக்கிறார் என்பதற்காக இவரும் இருத்தல் தகாது. இவர் மருத்துவரைக் கேட்டு நடப்பாராக; உண்ணாமைக்கு மாறாக உப்பையோ நெய்யையோ துறப்பாராக. இவ்வாறு செய்பவரைச் சுற்றத்தார் "விரதம் விட்டார்" என்று பேசாதிருத்தல் அவர்களுடைய விரதமாகட்டும். நோயுற்றார்க்குப் பணிவிடை செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தது நம் சமயம் என்பதை மறவற்க.

நடந்த கால்களின் வழியில்

புகாரிலிருந்து மதுரை வரை கோவலனோடும் கண்ணகியோடும் நடந்த கவுந்தியடிகள் நம் சமயத்துப் பெண் துறவி. இன்றும் நம் முனிவர்களும் ஆரியாங்கனைகளும் ஊர்தி ஏறுவதில்லை. இல்லறத்தாராகிய நாமோ அடுத்த தெருவிலுள்ள ஜினாலயத்திற்கும் இருசக்கர வண்டியில் செல்கிறோம். 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினரும் ஆண்களுள் 42 விழுக்காட்டினரும் போதிய உடலுழைப்பு இல்லாதவர் என்று 2024-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு கூறுகிறது. வீட்டு வேலையே போதும் என்று கருதற்க. மூச்சு சற்று விரைய நடக்கும் நடை கிழமைக்கு 150 நிமிடம் வேண்டும்.

பெண்கள் நடக்காமைக்கும் சுற்றமே காரணம். தனியே நடந்தால் "எங்கே போகிறாள்?" என்று கேட்கும் தெரு அவளை வீட்டில் அமர்த்திவிடும். ஐவர் சேர்ந்து நடந்தால் அத்தெருவே வாய் மூடும். தென்பெண்ணைக் கரையில் காலை வேளையில் கூடி நடக்கலாம். திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைத் தரிசிக்கச் செல்கையில், இயன்றவர் படியேறிச் செல்லலாம். ஆலய வலம் மூன்றோடு நில்லாமல் நீளலாம். கீழ்நோக்கி நிலம் பார்த்து, உயிர்க்கு ஊறின்றி நடப்பது ஈரியா சமிதியின் பயிற்சியும் ஆகும்.

பள்ளிப் பிள்ளைகள்

யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், ஆற்றல் தரும் உணவு, உடல் வளர்க்கும் உணவு, நோய் தடுக்கும் உணவு எனப் படம் வரைந்து கற்றோம். பணியில் சேர்ந்து வகுப்பறைக்குச் சென்றபின், காலை உணவின்றி வந்து இறைவணக்க வேளையில் மயங்கிச் சரியும் பிள்ளைகளைக் கண்டோம். படம் அப்பிள்ளையின் வயிற்றை நிரப்பாது. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை 1-இல் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் செய்தது, அறிவுரையால் ஆகாததைத் தட்டில் வைத்துக் காட்டியதே. பின்னாளில் சத்துணவில் முட்டை சேர்ந்தபோது, அதனை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரும் வழியும் செய்யப்பட்டது. நம் பிள்ளைகள் அதனைக் கூச்சமின்றிக் கேட்டுப் பெறவும், முட்டை உண்ணும் தோழரை இகழாதிருக்கவும் நாம் கற்பித்தல் வேண்டும்.

மேற்கொள்ளத்தக்க உறுதிகள்

1. நாளொன்றுக்கு ஒருவேளையேனும் இல்லத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, பொழுது சாயுமுன் உண்க. பரிமாறும் பணியை ஆண்மக்களும் மேற்கொள்க.

2. ஆலய விழா உணவில் இனிப்பு ஒன்றோடு நிறுத்தி, பயறும் காயும் கனியும் சேர்க்க. அட்சய திருதியைக் கருப்பஞ்சாற்றைச் சர்க்கரை நோயாளரிடம் வற்புறுத்தற்க.

3. நோயாளியைக் காணச் செல்பவர், அவர் எதை உண்ணலாம் என்று கேட்டறிந்தபின் எடுத்துச் செல்க.

4. ஜினாலயந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருதி அழுத்தம், சர்க்கரை, குருதிச்சோகைச் சோதனை முகாம் நடத்துக. அது மருந்துத் தானம். நம் குலத்தார்க்கு மட்டுமன்றி ஊரார் அனைவர்க்கும் அது திறந்திருக்கட்டும்.

5. வீட்டிலும் வயலிலும் நமக்காக உழைப்போர்க்கு நேரத்தில் உணவும், ஓய்வும், நோயுற்ற நாளில் கூலியும் அளிக்க. அவர் உடல்நலத்தின் ஒரு பகுதி நம் கையில் உள்ளது.

அன்பர்களே! உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வது இயல்பு என உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் நமக்கு உணர்த்தினார். அண்டை வீட்டார் பட்டினியும் அடுத்த தெருவின் நோயும் நம்மைத் தீண்டா என்று வாழ்தல் அந்நெறிக்கு ஒவ்வாது. இன்று மாலை இதனைப் படித்து முடித்தவுடன், உங்கள் இல்லத்தில் இன்னும் உண்ணாதவர் யார் என்று கேளுங்கள். ஞாயிறு மறையுமுன் அவரை அமரச் செய்து நீங்கள் பரிமாறுங்கள். அறம் அங்கிருந்து தொடங்கட்டும்.

நோயற்ற வாழ்வு பெருகுக! அருகன் அறம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!